ஒரே அளவில் நான்கு கோப்புகள்

அந்த அழைப்பு வந்தபோது அன்றைய என் பட்டியலில் ஒரே ஒரு வேலைதான் அடிக்கப்படாமல் இருந்தது: ஸ்கேனர் கண்ணாடியைத் துடைப்பது. துணி கையில் இருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு துடைத்தபடியே பேசினேன்.

"மேடம், நான் அங்க எம்.ஃபில் பண்ணவ. பத்து வருஷம் முன்னாடி. என் தீசிஸ் உங்க வெப்சைட்ல இருக்கு."

"சொல்லுங்க."

"அது என்னோடது இல்ல."

"வேற யார் பேர்லயாவது இருக்கா?"

"என் பேர்லதான் இருக்கு. என் கையெழுத்துதான் இருக்கு. உள்ள இருக்கறதுதான் என்னோடது இல்ல."

துடைப்பதை நிறுத்தினேன்.

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே ஆய்வு செய்தவர்கள் எழுதிக் கொடுத்த ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கிறோம். சந்தா இல்லை, கடவுச்சொல் இல்லை. வைத்திக்குப்பத்தில் படகோரம் உட்கார்ந்திருப்பவரும் போனில் திறந்து படிக்கலாம். படித்தது கணினி அறிவியல் என்பதால் நூலகர் சார் என்னை ஒப்பந்த வேலைக்கு எடுத்தார். நான் சேர்ந்தபோது அலமாரிகளில் தூசி படிந்திருந்த பழைய ஆய்வேடுகளை எல்லாம் ஏற்றி முடித்தது நான்தான். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை உண்டு.

அழைத்த பெண் மெதுவாக, வரிசையாகச் சொன்னாள். அது எனக்கு உதவியாக இருந்தது. ஊருக்குள் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்காணல் முடித்திருக்கிறாள். அதுவரை வருஷா வருஷம் தற்காலிக வேலைதான், ஒவ்வொரு ஏப்ரலிலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தேர்வுக் குழு அவளுடைய ஆய்வேட்டை எங்கள் களஞ்சியத்திலிருந்து இறக்கி, திருட்டு பிடிக்கும் மென்பொருளில் போட்டிருக்கிறது. வேறு மூன்று ஆய்வேடுகளோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறது என்று வந்திருக்கிறது. அந்த மூன்றும் எங்கள் களஞ்சியத்தில்தான் இருக்கின்றன.

"நாலு பேரும் ஒரே எடத்துல காசு குடுத்து எழுதி வாங்கிட்டோம்னு நெனைக்கிறாங்க மேடம். திங்கக்கிழம பதினோரு மணிக்குள்ள எழுத்துல பதில் குடுக்கணும். குடுக்கலன்னா வேலையும் போச்சு, பேரும் போச்சு."

அன்று வியாழக்கிழமை.

"உங்ககிட்ட ஒரு காப்பி இருக்குமே?"

"லேப்டாப் அப்பவே போச்சு. பைண்டிங் காப்பி ஒன்னு ஜூனியர் வாங்கினு போனா. அவ்ளோதான். கைடு ரிட்டயர் ஆகி மகன் வீட்டுக்குப் போயிட்டாரு, ஊரக் காலி பண்ணும்போது எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டாராம்."

கோப்பைத் திறந்தேன். முகப்புப் பக்கம் அவளுடையது: நகருக்கு வடக்கே கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது பற்றிய ஆய்வு. அடுத்த பக்கம் "இது என் சொந்த உழைப்பு" என்ற உறுதிமொழி, கீழே நீல மையில் அவள் கையெழுத்து. அடுத்து வழிகாட்டியின் சான்றிதழ். அடுத்து நன்றியுரை, பிள்ளைச்சாவடியில் கிணற்றைத் திறந்துவிட்ட வீடுகளுக்கும், ஸ்கூட்டரில் தண்ணீர் பாட்டில்களைச் சுமந்துவந்த அப்பாவுக்கும், 'அத்தா' என்றே எழுதி. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து தெற்கே உள்ள கிராமங்களின் கிணறுகள் ஆரம்பித்தன. பிள்ளைச்சாவடி என்ற சொல்லே அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டும் சேர்ந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த இணைப்பைப் போட்டது என் நிரல்.

எங்கள் முறை இதுதான். பைண்டிங் செய்த ஆய்வேட்டின் பின் அட்டைக்குள் ஒரு காகிதப் பை ஒட்டியிருக்கும், அதில் ஒரு சிடி. கையெழுத்து உள்ள முன்பக்கங்களை மட்டும் அட்டைப் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்வேன். மற்றதைச் சிடியிலிருந்து எடுப்பேன், அப்போதுதான் சொல் போட்டுத் தேட முடியும். இரண்டையும் ஒட்டி, பெயர் கொடுத்து, சர்வரில் ஏற்றுவதற்கு நானே ஒரு நிரல் எழுதியிருந்தேன். பட்டியலில் இதற்கென்று மூன்று பத்திகள்: சிடி படித்ததா, இணைத்ததா, ஏற்றியதா. மூன்றிலும் "ஆம்" என்று அதுவே எழுதிவிடும். அதை எழுதி முடித்த அன்று கேன்டீனில் எனக்கு நானே ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

"சிடிய நீங்கதான் எழுதினீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், பைண்டிங் கடையிலதான். அன்னிக்குக் கடைசி நாள். எங்க டிபார்ட்மென்ட்ல நாலு பேரு வரிசையில நின்னோம். நாலு பென் டிரைவையும் வாங்கி மேசையில போட்டுட்டு அந்தக் கடை அண்ணன் சிடி எழுதினே இருந்தாரு. செக் பண்ணுங்கண்ணான்னேன். 'சிடிய யாரும்மா போட்டுப் பாக்கப் போறா, அது தாம்பூலத் தட்டுல வெக்கிற மஞ்சக்கெழங்கு மாதிரி, இருக்கணும் அவ்ளோதான்'னாரு."

அந்த நான்கு கோப்புகளின் அளவையும் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கங்களைக் கழித்துவிட்டால் கடைசி இலக்கம் வரை ஒரே அளவு. ஒருவருடைய ஆய்வேட்டைக் கடைக்காரர் நான்கு சிடியிலும் எழுதியிருக்கிறார். அந்தச் சிடிகள் காகிதப் பையில் இருந்தவரை யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. "இது என் சொந்த உழைப்பு" என்ற கையெழுத்துக்குக் கீழே அடுத்தவருடைய எழுத்தைக் கொண்டுபோய் வைத்து, உலகம் முழுக்கத் திறந்துவிட்டது நான். கடைக்காரர் செய்தது அலட்சியம். அதைத் திருட்டுபோல் தெரியவைத்தது என் வேலை.

"உங்க அட்டைப் பிரதி எங்கள்ட்ட இருக்கணும். நாளைக்குத் தட்டாஞ்சாவடி வர முடியுமா?"

"பல்கலைக்கழகம் காலாப்பட்டு பக்கம்தானே மேடம் இருக்கு?"

"புக்கு தட்டாஞ்சாவடில இருக்கு."

ஏற்றி முடித்த அட்டைப் பிரதிகளை நூலகத்தில் வைக்க இடமில்லை என்று தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகை வாடகைக்கு எடுத்து அனுப்பியிருந்தோம். எந்தக் கட்டில் எந்தப் புத்தகம் என்று வரிசை எண்ணோடு என்னிடம் பட்டியல் இருந்தது. அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

அவள் எனக்கு முன்பே வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கறுப்புத் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் குத்தியிருந்தாள், கையில் தண்ணீர் பாட்டில். நான் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் விடவில்லை.

"மொதல்ல தேடலாம் மேடம். அதெல்லாம் கெடச்சப்புறம்."

கொட்டகைக் காவலர் சாவியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் இறங்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது ஏறியதும் தொடர வேண்டியிருந்தது.

நாற்பத்திரண்டாம் கட்டு என்றேன். அவர் சிரித்தார்.

"நம்பரெல்லாம் ஏது மேடம்? லாரில வந்து எறங்கினப்பவே கட்டு பாதி அவுந்துபோச்சு. நாங்கதான் திருப்பிக் கட்டினோம்."

"எந்த வரிசையில?"

"சைசு வாரியா. ஒல்லி புக்கெல்லாம் மேல, குண்டு புக்கெல்லாம் கீழ."

"யார் அப்படி அடுக்கச் சொன்னது?"

"புக்குதான் சொல்லிச்சு. குண்ட மேல வெச்சா சாஞ்சி தலையில வுழுதே." தகடு ஒன்று வெட்டுப்பட்டு விழுந்தது. "நீங்க வேணா மேல வெச்சிப் பாருங்க."

என் பட்டியலைப் பைக்குள் வைத்தேன். அதில் பதினொரு பத்திகள் இருந்தன, கொட்டகையில் எதுவும் பயன்படவில்லை. எம்.ஃபில் ஆய்வேடு ஒல்லியாகத்தான் இருக்கும். அப்படியென்றால் மேல் வரிசை முழுவதும். எல்லாமே கறுப்பு ரெக்சின், முதுகில் பொன்னெழுத்து பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது.

"கறுப்பப் பாக்காதீங்க மேடம்," என்றாள் அவள். "எனக்குக் கறுப்பு தீந்துபோச்சுன்னு கரும்பச்ச போட்டாரு. ரிஜிஸ்டர்ல வாங்க மாட்டேன்னு எங்க ஆபீஸ் கிளார்க்கு சண்ட. கிட்டப் பாத்தாதான் பச்சன்னு தெரியும்னு சொல்லி வாங்க வெச்சேன்."

என் பதினொரு பத்திகளில் நிறம் இல்லை.

கிட்டப் போய்ப் பார்ப்பதென்றால் ஏணி வைத்து ஒவ்வொரு கட்டாக இறக்க வேண்டும். காவலர் இறக்கினார், நான் போன் விளக்கைப் பிடித்து முதுகுகளைப் பார்த்தேன், அவள் கட்டை மறுபடி இறுக்கிக் கட்டினாள். மதியம் ஒரு மணிக்குக் காவலர் சாப்பிடப் போனார். திரும்பி வந்தவர், "இன்னுமா பச்சயத் தேடறீங்க? எனக்கு இப்ப எல்லாமே பச்சயாத் தெரியுது," என்றார். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

மூன்று மணியளவில் கிடைத்தது. கூரை ஒழுகி மேல் ஓரம் ஊறிக் காய்ந்து அலை அலையாக மடிந்திருந்தது. அவளிடம் கொடுத்தேன். அவள் முகப்பைப் பார்க்கவில்லை, நேராக நடுவில் பிரித்தாள். அட்டவணை. விரலை வரிகளில் ஓட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"பதினேழாம் கெணறு. இந்த வீட்டுல போனா டீ குடிக்காம வுட மாட்டாங்க. அந்தக் கெணத்துத் தண்ணிலயே போட்ட டீ. கரிக்கும். நானும் அத்தாவும் மூஞ்சி மாறாம குடிச்சிட்டு வருவோம். ரெண்டு கோட வெயிலு, மேடம். ரெண்டு கோட."

அதற்குப் பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். தயார் செய்த வாக்கியம் வரவில்லை. "நான் திறந்தே பாக்கல," என்றுதான் வந்தது.

"நீங்க ஏத்தினதுலேர்ந்து நானுந்தான் தெறந்து பாக்கல," என்றாள். "நெட்ல பேரு வந்தா போதும்னு இருந்துட்டேன்."

மறுநாள் சனிக்கிழமை. காலையில் முழு ஆய்வேட்டையும் ஸ்கேன் செய்தேன். மடிந்த ஓரங்களைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாக, எண் பார்த்து. பிறகு நூலகர் சாரின் அறைக்குப் போனேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சரி, ஃபைல மாத்திடு. லிங்க் அதேதானே? திங்கக்கிழம அவங்க தெறந்தா சரியானது வரும். முடிஞ்சுது."

"முடியாது சார். தேர்வுக் குழுகிட்ட பழைய ஃபைல் இருக்கு. இப்ப சத்தமில்லாம மாத்தினா, மாட்டினப்புறம் இங்க ஆளப் பிடிச்சி மாத்திட்டாங்கன்னுதான் சொல்வாங்க. நம்மளே எழுதினவங்கள மாட்டிவுட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப என்ன பண்ணணும்ங்கற?"

தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்த தாளை வைத்தேன். புதிய கோப்பு இரண்டாம் பதிப்பாக ஏறும். முதல் பதிப்பைத் திறக்க முடியாமல் பூட்டுவோம், ஆனால் அது இருந்தது என்ற பதிவு அப்படியே இருக்கும். இரண்டுக்கும் பொதுவாகப் பக்கத்தின் மேலே ஒரு குறிப்பு: "இந்த ஆய்வேட்டின் முதல் பதிப்பில், களஞ்சியத்தில் கோப்புகளை இணைத்தபோது நேர்ந்த பிழையால், ஆய்வாளர் எழுதாத பக்கங்கள் அவர் பெயரில் வெளியாயின. பிழை களஞ்சியத்தினுடையது. ஆய்வாளருக்கு இதில் பங்கில்லை. அவர் ஒப்படைத்த அட்டைப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்ட முழு ஆய்வேடு இரண்டாம் பதிப்பாக வெளியிடப்படுகிறது."

சார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"'பிழை களஞ்சியத்தினுடையது.' இத உலகமே படிக்கும்."

"ஆமா சார். அதுக்குத்தான் களஞ்சியம் வெச்சிருக்கோம்."

"வாய் ஜாஸ்தி உனக்கு." கோபம் பாதி, சிரிப்பு பாதி. "உன் கான்ட்ராக்ட் அடுத்த மாசம் என் டேபிளுக்கு வருது, ஞாபகம் இருக்கா? மேல இருந்து யாரு இத செஞ்சதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"என் பேரச் சொல்லுங்க சார்."

"இது ஒன்னுதானா?"

இந்தக் கேள்விக்கும் ஒரு தாள் வைத்திருந்தேன். "நாலு ஃபைல் ஒரே அளவு. ஒன்னு சரியான ஆளுது. இவங்களச் சேத்து மூணு தப்பு. மத்த ரெண்டு பேருக்கும் கடிதம் எழுதி வெச்சிருக்கேன். இது இல்லாம எத்தன இருக்குன்னு தெரியாது. எல்லாத்தையும் தெறந்து பாக்கணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் யோசிக்கட்டும் என்று வெளியே போயிருக்கலாம். போனால் திங்கட்கிழமை ஆகிவிடும் என்று தெரியும்.

"சார், இத நாம எழுதினா குறிப்பு. அவங்க எழுதினா புகார்."

பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடும் முன் "நேர்ந்த" என்ற சொல்லை அடித்துவிட்டு "செய்த" என்று எழுதினார். "தானா நேர்ந்துச்சா அது?" என்றார். அவர் சொன்னது சரி.

அன்று மதியமே ஏற்றி, கையெழுத்திட்ட தாளையும் இணைப்பையும் அவளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"மேடம், அந்தப் பழசு இருந்துச்சுன்னு எதுக்குப் போடணும்? அழிச்சிடலாமே. என் கையெழுத்து அதுல நிக்குது."

"அழிச்சா, அவங்க கையில இருக்கற காப்பி எங்கருந்து வந்துச்சுன்னு சொல்ல எடமே இருக்காது. இருந்துச்சு, தப்பு, தப்பு எங்களுதுன்னு இருந்தாதான் உங்களுக்கு சாட்சி."

பின்னால் யாரோ ஆண் குரல், அத்தாவாக இருக்கும், "இன்னா சொல்றாங்க?" என்று கேட்டது. "இருக்கட்டும்ங்கறாங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னிடமும், "சரி, இருக்கட்டும்," என்றாள்.

திங்கட்கிழமை பதினோரு மணி முதல் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரைக்கு அழைப்பு வந்தது. குழுவில் ஒருவர் குறிப்பைச் சத்தமாகப் படித்தாராம். இன்னொருவர் இரண்டாம் பதிப்பைத் திறந்து, பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டாராம்: எந்த வீடு, எத்தனை அடி ஆழம், எந்த மாதம். "கெணறு கெணறா கேட்டாரு மேடம். கேட்டுனே இருக்கட்டும்னு இருந்துச்சு எனக்கு." குற்றச்சாட்டை விலக்கிக்கொண்டதாக எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை மறுபடி அழைத்தாள், வேலைக்கான உத்தரவும் வந்துவிட்டதாம். அதைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறாள் என்று வாழ்த்துச் சொல்லத் தொடங்கினேன்.

"அது கெடக்கட்டும் மேடம். வேற ஒன்னு. குழுவுல அவரு கேட்டப்ப சொல்லிட்டு வந்துட்டேன், வீட்டுக்கு வந்து அட்டவணையப் பாத்தா பதினேழும் பதினெட்டும் மாறியிருக்கு. டீ குடுத்த வீட்டு உப்பு பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கு. டைப் பண்ணப்ப நான்தான் வரி மாத்தியிருக்கேன். யாரும் கவனிக்கல."

"குழுவிலயும் கவனிக்கலயே."

"கவனிக்கல. ஆனா அது இப்ப எல்லாருக்கும் தெறந்து கெடக்குதே. பிள்ளைச்சாவடிலயே யாராவது எடுத்துப் படிச்சா, தன் வீட்டுக் கெணறு நல்ல தண்ணின்னு நெனச்சிக்குவாங்க. மாத்திக் குடுங்க."

"பக்கத்த மாத்த முடியாது. மேல குறிப்புதான் போட முடியும். ரெண்டாவதா."

வேலை கைக்கு வந்த அதே நாள். ஒரு வாரம் பொறுத்துப் போடலாம், வேலையில் சேர்ந்த பிறகு போடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போடுங்க," என்றாள். "பிழை என்னோடதுன்னு போடுங்க. 'நேர்ந்த'ன்னு போடாதீங்க."

எழுதி, படித்துக் காட்டி, ஏற்றினேன். பிறகு என் பெரிய பட்டியலைத் திறந்து பன்னிரண்டாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: திறந்து பார்த்ததா. இதை நிரல் நிரப்பாது. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவது ஆய்வேட்டில் பொருளாதாரம் என்று முகப்பு இருந்தது, உள்ளே ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை. போனை எடுத்து, அந்த ஆய்வாளரின் எண்ணைத் தேடினேன்.